காலையிலேயே வந்து போனவர்

"உங்க பேர்ல இப்ப எந்தப் பதிவும் இல்ல. காலையிலயே அழிச்சாச்சு," என்றார் காவல்துறை ஆவண அறைக் குமாஸ்தா.

பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குக் காதில் தேன் பாய்ந்தது. நகைக்கடைத் திருட்டில், கேமராவில் தெரிந்த முகம் அச்சு அசல் அவருடையது. கண்ணாடிப் பெட்டியில் கிடைத்த கைரேகை வேறு யாருடையதோ. நீதிமன்றம் விடுவித்துவிட்டது. ஆனாலும் அவர் பேரிலிருந்த பதிவு ஆறு மாதமாக அட்டையாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அது அழிந்ததற்கான சான்றிதழை இன்று பள்ளியில் கொடுத்தால்தான் வேலை திரும்பக் கிடைக்கும்.

"அப்ப சான்றிதழக் கொடுங்க சார்."

"விளையாடுறீங்களா? நீங்கதான கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனீங்க."

"நான் இப்பத்தான் வர்றேன்."

குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஓட்டுநருடைய கையெழுத்தேதான், கடைசியில் இழுக்கும் வால் உட்பட.

"நகலாவது கொடுங்க."

"கைரேகை வைங்க."

வைத்தார். குமாஸ்தா கணினியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"காலையில வந்தவர் ரேகை இது இல்லியே."

"அவன் ரேகைய என் பழைய ரேகையோட ஒத்துப் பாக்கலியா?"

"அழிச்சப்புறம் எதோட ஒத்துப் பாக்குறது? சரி, நீங்க யாரு?"

"நான்தான் சார் நான்."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு," என்றபடி குமாஸ்தா ஆள்மாறாட்டம் என்று புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தார். ஒரு பதிவை அழிக்க வந்தவருக்கு இன்னொன்று இலவசம்.

குமாஸ்தா போலீஸ்காரரைக் கூப்பிட எழுந்த இடைவெளியில், ஓட்டுநர் பள்ளிக்கு ஓடினார். வாசல் காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னண்ணே, வண்டிய எங்க விட்டீங்க?"

"எந்த வண்டி?"

"அரை மணி முன்னாடிதான பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போனீங்க. நீங்க இவ்ளோ கலகலன்னு பேசி நான் பாத்ததே இல்ல. மேனேஜருக்கே ஒரே சந்தோஷம்."

ஓட்டுநர் மனைவிக்கு போன் செய்தார். எடுக்கவில்லை. அதற்குமேல் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை போனால் போகட்டும், வீடு இருந்தால் போதும் என்று ஓடினார்.

தெருமுனையில் பள்ளிப் பேருந்து காலியாக நின்றது. இன்ஜின் இன்னும் சுட்டது. வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார்.

சின்ன மகள் திறந்தாள். அவரைப் பார்த்துப் பயப்படவில்லை. உள்பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"அப்பா, நீங்க சொன்னது சரிதான். உங்கள மாதிரியே இருக்கிற அந்தத் திருடன் வந்திருக்கான்."