ஷிராஹோ செய்கி வளர்ந்த வரலாறு

உலக வரலாற்றில் வளர்ச்சி என்று சொல்லத்தக்கது இரண்டு முறைதான் நிகழ்ந்திருக்கிறது. கடலில் கிடந்த உயிர்கள் கரையேறியது ஒன்று. எங்கள் ஷிராஹோ செய்கி நிறுவனம் ஜப்பானின் குமாமோத்தோவில் கேரட் வயல்களுக்கு நடுவே நான்கு மாடிக் கட்டடத்தில் குடியேறியது மற்றொன்று. முதலாவதை நான் பார்க்கவில்லை. இரண்டாவதற்கு நாற்காலி வாங்கிப் போட்டவனே நான்தான். பெயர் இவாகிரி, பொது நிர்வாகப் பிரிவின் துணைத் தலைவன்.

சிப் தயாரிக்கும் ஆலைகளுக்குச் சிலிக்கான் தட்டுகளைக் கழுவும் இயந்திரம் செய்து கொடுக்கிறோம். தண்ணீரைப் பீய்ச்சும் குழாய் முனைதான் அதன் உயிர். அந்த முனையை வடிவமைத்தவர் நகசாகோ யோரிகோ.

நாங்கள் முப்பத்தெட்டுப் பேராக இருந்த 'பின்தங்கிய' காலத்தில் எங்காவது இயந்திரம் மக்கர் செய்தால், நகசாகோ பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிடுவார். மாலையில் திரும்பி வருவார்.

"என்னாச்சு?" என்பார் தலைவர் தோகுமிட்சு.

"சரியாயிடுச்சு."

கூட்டம் முடிந்தது. அறிக்கை இல்லை, முத்திரை இல்லை. எவ்வளவு இருளில் இருந்திருக்கிறோம் பாருங்கள்.

பிறகு உலகமே சிப் கேட்டது. நாங்கள் அறுநூறு பேரானோம். பதினொரு துறைகள் முளைத்தன. நகசாகோவுக்குக் கிடைத்தற்கரிய கௌரவம் கிடைத்தது. 'வளர்ச்சி ஊக்குவிப்புத் துறை'யின் தலைவராகி நான்காம் மாடிக்குப் போனார். அவருடைய கருவிப் பையை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பித்தளைப் பலகையும் அடித்தோம்.

போன ஜூன் மழையில் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் ஆலையிலிருந்து தொலைபேசி வந்தது. கழுவிய தட்டுகளில் ஒரே இடத்தில் கறை. வேலையை நிறுத்திவிட்டார்களாம். உடனே இருபத்துமூன்று பேர் கூடினோம்.

"கறையா, புள்ளியா?" என்று கேட்டார் தரக் கட்டுப்பாட்டுத் தலைவர். "புள்ளின்னா எங்க துறை. கறைன்னா எங்களுக்குச் சம்பந்தமே இல்ல."

கழுவும் தொழிலில் எங்களுக்கு இருந்த தேர்ச்சி அன்றுதான் தெரிந்தது. பதினொரு துறைகளும் கை கழுவி முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"முனை லேசா சாஞ்சிருக்கும்," என்றார் நகசாகோ. "அரை மணி நேர வேலை. நான் போய்ட்டு வந்துடறேன்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தோம்.

"நீங்க துறைத் தலைவர்," என்றார் தோகுமிட்சு கனிவாக. "நீங்களே ஸ்பானரோட போய் நின்னா, அவங்க என்ன நினைப்பாங்க?"

"மெஷின் சரியாயிடுச்சுன்னு நினைப்பாங்க."

இதை 'மாற்றுக் கருத்து' என்று குறிப்பேட்டில் பதிந்தேன். 'கறை ஆய்வுக் குழு' அமைப்பது என்றும், அது திங்கட்கிழமை கூடும் என்றும் முடிவாயிற்று.

மறுநாள் காலை நகசாகோ என் மேசைக்கு வந்தார். "ஒரு நாள் லீவு வேணும்."

"காரணம்?"

"கழுவற வேலை கொஞ்சம் பாக்கி."

எனக்கு ஒரே மகிழ்ச்சி. துறைத் தலைவர்கள் யாரும் விடுப்பே எடுப்பதில்லை என்று தொழிலாளர் அலுவலகம் குறைப்பட்டுக்கொண்டிருந்தது.

"அப்படியே அந்தக் கண்ணாடிப் பெட்டி சாவி?"

"காட்சிப் பொருள் வெளியே போகணும்னா மூணு துறைத் தலைவருங்க முத்திரை வேணும், நகசாகோ சான்."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "சரி, விடுங்க."

போகும் வழியில் ஒரு கடையில் ஸ்பானர் வாங்கிக்கொண்டாராம். ஆலையில் இருபதே நிமிட வேலை. திங்கட்கிழமை கூடிய குழு, தான் அமைக்கப்பட்டதாலேயே கறை நீங்கியது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. புதன்கிழமை அந்த ஆலையிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. அதில் நகசாகோவின் பெயர் இருந்தது.

விடுப்பு நாளில் வேலை செய்திருக்கிறார். இதைவிடப் பெரிய விதிமீறல் உண்டா? வருத்தக் கடிதம் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவர் எழுதித் தந்தது மூன்றே வரி: 'முனை சாய்ந்திருந்தது. நிமிர்த்தினேன். இனி நிமிர்த்த மாட்டேன்.'

"வருத்தம் எங்க இருக்கு?" என்றேன்.

"மூணாவது வரியில."

அடுத்த மாதம் ராஜினாமா செய்தார். கடைசி நாளில் மாடி மாடியாக ஏறி எல்லோருக்கும் ஆளுக்கொரு இனிப்பு கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. ஏன் என்று நான் கேட்கவில்லை. பதினாறு வருடம் அவரோடு ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவன். இரண்டாவது இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஆனாலும் வளர்ச்சி நிற்கவில்லை. போன வாரம் மூன்று ஆலைகளில் இயந்திரங்கள் ஒன்றாக நின்றுபோயின. கூடினோம், ஆய்ந்தோம், அவருக்குத் தொலைபேசுவது என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். எண்ணை அழுத்தியவன் நான்.

விவரத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இன்னிக்கு என்னால வர முடியாது, இவாகிரி சான். முனையை நிமித்தத் தெரிஞ்சவங்க அங்க எத்தனை பேர்?"

"இப்ப எழுநூத்தி நாப்பது பேர் இருக்கோம்," என்றேன் பெருமையாக.

"எத்தனை பேர் இருக்கீங்கன்னு நான் கேக்கலயே."