கடல் ரயிலுக்குப் பங்காளி

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று தேசப்பன் சபதம் எடுத்துக்கொண்டான். மனசுக்குள்தான். வாய்விட்டு எடுத்த சபதங்களையெல்லாம் பெண்டாட்டி தாயம்மா மறுநாளே காரியம் பண்ணி முடித்திருக்கிறாள்.

தேசப்பனுக்குக் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை. வாரம் முழுக்க ரயிலோடு மல்லுக்கட்டுகிறவன் லீவு நாளில் என்ன செய்வான்? தூங்குவான் என்றுதானே நினைப்பீர்கள். இவன் செத்துப்போன ரயில்களைப் பற்றிப் பேசப் போவான். அதுவும் நம்ம ஊர் ரயில் இல்லை, அமெரிக்கா ரயில்.

கல்மண்டபத்து ஃபிட்டர் பாஸ்கலிடம் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. யுத்த காலத்தில் ஹார்பருக்கு வந்த அமெரிக்கக் கப்பல்காரன் ஒருவன் விட்டுப்போனது. உள்ளே முழுக்க மூடிப்போன ரயில் கம்பெனிகள். மலை ஏறி ஏறியே நொடித்துப்போன கொலராடோ மிட்லாண்ட். இரண்டே அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய சாண்டி ரிவர். பாஸ்கல் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொல்வான். போன ஞாயிறுதான் புளோரிடா வந்தது. தீவுக்குத் தீவு பாலம் போட்டுக் கடல்மேல் ஓடிய ரயில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில், அந்த ரயிலையே முடித்துவைத்த புயல் அடிக்க ஆரம்பிக்கிற இடத்தில் பாஸ்கல் புத்தகத்தை மூடிவிட்டான். மீதி அடுத்த வாரமாம். அன்றிலிருந்து தேசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

பார்த்து அந்த ஞாயிறுதானா எண்ணூரில் மச்சான் சண்முகவேலுக்கு நிச்சயதார்த்தம் வர வேண்டும்? போனால் நாள் முழுக்கப் போச்சு. மாமியார் தன் முட்டிவலியின் சரித்திரத்தை ஆதியிலிருந்து ஆரம்பிப்பாள்.

"ஞாயித்துக்கெழம காத்தாலயே கெளம்பணும்," என்றாள் தாயம்மா. "மூத்த மாப்ள நீ இல்லாம தட்டு மாத்த மாட்டாங்கோ."

"நான் வர முடியாது தாயம்மா. தீட்டு."

"யாரு செத்தாங்கோ?"

தேசப்பன் குரலை இறக்கினான். "கடல் ரயிலு."

"இன்னாது?"

"அமெரிக்கா ரயிலு. நான் துன்றது ரயில் சோறு. ரயில்காரனுக்கு ரயிலு பங்காளி. பங்காளி செத்தா தீட்டுதானே?"

"எப்போ செத்துது?"

"முப்பத்தஞ்சுல."

"யோவ், பதினாறு வருசம் ஆவுது."

"சேதி எனக்குப் போன ஞாயித்துக்கெழமதான் வந்துது. சேதி கேட்ட நாள்லேர்ந்துதான் தீட்டு. உங்க சித்தப்பா ரங்கூன்ல செத்துப்பூட்ட சேதி லேட்டா வந்தப்போ நீங்கல்லாம் துக்கம் காக்கல?"

தாயம்மா கத்துவாள் என்று காதைத் தயார்பண்ணி வைத்திருந்தான். கத்தவில்லை. அவனுக்கு வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"சரிதான்யா. தீட்டோட நல்ல காரியத்துக்கு வரக் கூடாது. நான் மட்டும் போய்ட்டு வரேன்."

"உனுக்குத் தீட்டு இல்லியா?"

"நான் டிராம்ல போறவ. எனுக்கு டிராமுதான் பங்காளி. அது நல்லாத்தான் ஓடிகினு கீது."

இவ்வளவு சுலபமாகவா? தேசப்பன் அன்று ராத்திரி சிரித்துக்கொண்டே தூங்கினான். பாவம்.

மறுநாள் காலையில் அடுப்பு பற்றவில்லை.

"காப்பித்தண்ணி கூட இல்லியா?"

"எழவு வூட்ல அடுப்பு பத்த வைப்பாங்களா? அக்கம்பக்கத்துல குடுப்பாங்கோ. சொல்லி வச்சிகீறேன்."

சொல்லித்தான் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா கஞ்சித் தூக்கோடு வந்து முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மனச வுட்ராத தம்பி. பூட்டவருக்கு வயசு இன்னா?"

தேசப்பன் கணக்குப் பார்த்தான். பன்னிரண்டில் முழுசாகத் திறந்தது, முப்பத்தைந்தில் போனது. "இருபத்திமூணு."

"அல்லாவே, வாலிப வயசு. எப்டி ஆச்சு?"

"புயலு. கடல்ல பூட்டுச்சு."

"படகு கவுந்துகிச்சா?"

"படகு இல்லக்கா. ரயிலு."

"ரயில்ல போனவரு கடல்ல எப்டி வுயுந்தாரு?"

"அவரு வுயல. ரயிலுதான்… அதாவது, அவரேதான் ரயிலு."

அஜீசுன்னிசா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். துக்கம் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு கட்டி இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினாள்.

அதற்குள் மீன்கூடை கோவிந்தம்மா வந்துவிட்டாள். கடலில் போன வாலிபன் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டாள். அவள் வீட்டிலும் கடலில் போனவர்கள் உண்டு. அந்த அழுகையைக் கேட்டதும் தேசப்பன் நிஜமாகவே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். ரயிலுக்கு அழுகிறோமா, கோவிந்தம்மாவுக்கு அழுகிறோமா, வயிற்றுப் பசிக்கு அழுகிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் அழுதான்.

ஞாயிறு விடிந்தது. தாயம்மா பட்டுச் சேலையில் மணமணக்கக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பட்டும் என்று காத்திருந்து தேசப்பன் சட்டையை மாட்டினான். கதவைத் திறந்தால் வாசலில் கோவிந்தம்மா.

"எங்க நைனா கெளம்பிட்ட? தீட்டோட இன்னொருத்தர் வூட்டு வாசப்படி மிதிக்கலாமா? உன்னத் தனியா வுடக் கூடாதுன்னு தாயம்மா சொல்லிட்டுப் போயிருக்கு. உக்காரு."

உட்கார்ந்தான். சரி, துக்கம் விசாரிக்கப் பாஸ்கல் வராமலா போவான்? வரும்போது புத்தகத்தை எடுத்து வராமலா போவான்? மத்தியானம் போச்சு. வெயில் தாழ்ந்தது. யார் யாரோ வந்து கையைப் பிடித்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். பாஸ்கல் மட்டும் வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தாயம்மா வாய் நிறைய வெற்றிலையோடு திரும்பினாள்.

"பாஸ்கல் எட்டிக்கூடப் பாக்கல," என்றான் தேசப்பன்.

"எப்டிப் பாப்பாரு? அவரு எங்களோட எண்ணூர்ல இல்ல இருந்தாரு."

"எண்ணூர்லயா?"

"நீ இல்லன்னா தட்டு மாத்த ஒரு பெரிய மனுசன் வேணாமா? நான்தான் கூப்ட்டேன். அந்தப் புஸ்தகத்தயும் எடுத்தாரச் சொன்னேன். பொண்ணோட அப்பாரு வெள்ளத்துரை, ரயில் ஓட்டி ரிடேராயி இப்பதான் புது வூட்டுக்குக் குடி வந்த டிரைவராச்சே. பொண்ணு வூட்டுக்காரங்க யாரு எவருன்னு நீ கேக்கவே இல்லியே. ரெண்டு பேருமா புயல் கதயப் படிச்சி பந்தியில எல்லாருக்கும் சொன்னாங்கோ. எங்கம்மாவே முட்டிவலிய மறந்துட்டுக் கேட்டுகினு இருந்துச்சின்னா பாத்துக்கோ."

தேசப்பன் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "புயல்ல ரயிலு இன்னாதான் ஆச்சு?"

"நான் வெத்தல மடிச்சிகினு இருந்தேன்யா."

"புஸ்தகம் எங்க?"

"வெள்ளத்துரை மாமா அத மாரோட அணச்சிகினாரு. பாஸ்கல் அண்ணனுக்கு மனசு எளகிப் போயி அவருக்கே குடுத்துட்டாரு. வாராவாரம் ஞாயித்துக்கெழம படிச்சிக் காட்டுறேன், மாப்ளய வரச் சொல்லும்மான்னாரு. நான்தான் உனுக்குத் தீட்டாச்சேன்னு…"

"தீட்டு இன்னா தீட்டு. தலைக்கு ஊத்திகினா போயிடும்," என்று தேசப்பன் எழுந்தே விட்டான். "அவரு வூடு எங்க, அத்தச் சொல்லு."

"எங்கம்மா வூட்டுக்கு எதிர் வூடு," என்றாள் தாயம்மா. "ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம ரெண்டு பேருக்கும் சோறு வைக்கச் சொல்லிட்டுதான் வந்துகீறேன்."