பெரியவர் அறை டெலிபோன்

சோம்பேறியிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அவன் வேலையைச் செய்யமாட்டான். அதைச் செய்ய ஒரு கருவியைத் தேடிக்கொண்டிருப்பான். இதை நான் வேறு யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கண்ணாடி பார்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் நானும் நண்பன் இருதயராஜும் திண்டுக்கல்லில் ஒரு மாடியறையில் கம்பெனி நடத்தினோம். (கம்பெனி என்றால் இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போர்டு. போர்டுதான் பெரிசு.) எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில். பழைய டெலிபோன்களை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் வயரில் பேசுகிற புதிய போன்களை வைக்கவேண்டும். அவற்றை வெளியே போகிற டெலிபோன் லைனோடு சேர்த்துவைக்க, நடுவில் கேட்வே என்று ஒரு பெட்டி. வேலையை வாங்கித் தந்தவர் அந்த மில்லில் மேஸ்திரியாக இருந்த என் சித்தப்பா.

"எங்கண்ணன் மகன் சார். கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம். கோளாறுன்னா என்னையக் கேளுங்க" என்று முதலாளியிடம் தன் மானத்தையே ஜாமீனாக வைத்துவிட்டு வந்திருந்தார் மனுஷர்.

பெட்டிக்கும் போன்களுக்கும் எண், பெயர் என்று எல்லா ஏற்பாடுகளையும் ஏற்றவேண்டும். எதை வைத்து ஏற்றுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. ஒவ்வொரு போன் முன்னாலும் போய் நின்று கையால் அடித்துவிடலாம் என்றான் இருதயராஜ். நானோ இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைக் காட்டினேன். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு தட்டு தட்டினால் மில் முழுக்க எல்லாப் போனும் தயாராகிவிடும். திரையில் பச்சை பச்சையாக விளக்கு வேறு எரியும்.

"ஏலே சேவியர், நமக்குத் தெரியாத எடத்துலயெல்லாம் போயி அது கைய வைக்கும்டா" என்றான்.

"அதுக்குத்தானடா அது!" என்றேன் நான்.

மில்லை ஆரம்பித்த பெரியவர், அதாவது முதலாளியின் அப்பா, காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் அறையை அப்படியே பூட்டி வைத்திருந்தார்கள். மேசைமேல் மூக்குக்கண்ணாடி, வாராவாரம் முதலாளியே வந்து சாவி கொடுத்துவிட்டுப் போகும் சுவர்க்கடிகாரம், இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. அவர் இருந்த காலத்தில் தினமும் காலையில் ஆபரேட்டர் அமலி அக்கா அந்த அறைக்குப் போன் போட்டு, "எல்லாரும் வந்தாச்சுங்கய்யா" என்பாராம். அவர் போன பிறகும் அக்கா நிறுத்தவில்லை. ஒரே ஒரு ரிங் விட்டுவிட்டு வைத்துவிடுவார். அந்த ரிங் போகாமல் ஆபீசில் யாரும் பேனா மூடியைக்கூடத் திறப்பதில்லை.

செருப்பைக் கழற்றி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அந்த அறைக்குள் போய்ப் புதுப்போனை வைத்துவிட்டு வந்தவன் இருதயராஜ். "அதுல சும்மா ரிங் வந்தாப் போதும். வேற எதையும் தொட்ராத" என்று என்னிடம் சொன்னான். சரி என்று தலையாட்டிவிட்டு, மென்பொருளில் 'எல்லாம்' என்பதைத் தட்டினேன். (ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் விரல் தேய்ந்துவிடும் பாருங்கள்.) சோதனைக்காக அதில் ஒரு வசதி இருந்தது. ரிங் வந்தால், யாரும் தொடாமலே போன் தன்னைத்தானே எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரைத் திறந்துவிடும். சோதனை முடிந்ததும் அதை அணைத்திருக்கவேண்டும். பச்சை விளக்குகளின் அழகில் சொக்கிப்போய் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை. பராமரிப்புக்காக எந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். ஓயாமல் இரைகிற கட்டடம் அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதலாளி, சித்தப்பா, ஆபீஸ்காரர்கள் எல்லோரும் அமலி அக்காவின் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"ஸ்பீக்கர்ல போடுங்கக்கா, எல்லாரும் கேக்கட்டும்" என்றேன் பெருமையாக.

ரிங் போனது. அக்கா துண்டிக்கக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் அந்தப் பக்கம் போன் எடுக்கப்பட்டுவிட்டது.

டிக், டிக் என்று கடிகாரச் சத்தம் மட்டும் வந்தது. பெரியவர் அறைக் கடிகாரம். அந்த அறையின் சாவியோ முதலாளியின் இடுப்புக் கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளி போன் பக்கம் குனிந்தார். "யாரு?"

சற்றுப் பொறுத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் ஆண்குரல் கேட்டது. "யாரு?"

அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே தொண்டை என்று அந்த மில்லில் எல்லோரும் சொல்வார்கள். முதலாளி போனுக்கு இன்னும் நெருங்கினார். "அப்பா... நாந்தான்ப்பா."

"...நாந்தான்ப்பா."

சித்தப்பா அப்படியே முழங்காலில் விழுந்தார். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. (வயர் இழுத்தவனுக்கே!) முதலாளியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "சாப்ட்டீங்களாப்பா?" என்றார்.

"சாப்ட்டீங்களாப்பா?" என்றது அறை, பிரியமாக.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. உறைத்ததும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷன். "சார், அது எக்கோ சார்! நீங்க பேசுறது அங்க ஸ்பீக்கர்ல போயி, அதே போனோட மைக்ல பூந்து, லேட்டாத் திரும்பி வருது!" என்று கத்தினேன்.

"...லேட்டாத் திரும்பி வருது" என்று பூட்டிய அறைக்குள்ளிருந்து நானே ஒப்புக்கொண்டேன்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை. "மேஸ்திரி, இதுக்கா கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கச் சொன்னீங்க?" என்றார். சித்தப்பா தலையைக் குனிந்தார். அவர் யாருக்கும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. வெட்கத்தில் செத்தே போனேன்.

"அந்தச் சாமானத் தூக்கிப் போட்டுட்டு, ஒவ்வொரு போனாக் கையால போடச் சொல்லுங்க. ஒவ்வொரு ரூமுக்கும் செருப்பக் கழத்திட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

கேட்டிலிருந்து பஞ்சுக் குடோன்வரை வெறுங்காலோடு போனேன். இருதயராஜ் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். திட்டியிருந்தால் தேவலை. கடைசியாகப் பெரியவர் அறை. முதலாளியே வந்து பூட்டைத் திறந்தார். நான் போனில் கை வைத்தேன்.

"அத விட்ருப்பா" என்றார்.

"சார், கோளாறே இதுலதான் சார்."

"தெரியும். இருக்கட்டும்."

சித்தப்பா ஓய்வுபெறும்வரை பார்த்த மட்டில், அன்றிலிருந்து காலை ரிங்கை முதலாளியேதான் விட்டாராம், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

எங்கள் வீட்டில் அந்தக் கதை இன்னும் ஓடுகிறது. நான் போன் போட்டு, "சித்தப்பா, நாந்தான்" என்றால் அவர் நேராகப் பதில் சொல்லமாட்டார். சற்று நிறுத்தி, கிணற்றுக் குரலில் "...நாந்தான்" என்பார். பின்னால் சித்தி, பிள்ளைகள் எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

போன மாதமும் போட்டேன். "நாந்தான்" என்றேன். பதில் இல்லை. சிரிப்பும் இல்லை. அவர் வீட்டுக் கடிகாரம் மட்டும் டிக், டிக் என்றது.

"சித்தப்பா!" என்று அலறிவிட்டேன்.

"இருக்கேன்ல, ஏன்டா கத்துற? வயசாச்சுல்ல, சொல்ல வேண்டியது மறந்துபோச்சு. செத்த பொறு, மொதல்ல இருந்து வா" என்றார்.