ராணி போனும் லேபிள் அண்ணாச்சியும்

2009-ஆம் ஆண்டு ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. காலை 8.50-க்குச் சிவகாசியில் எங்கள் அலுவலகத்தைத் திறந்தேன். 8.55-க்குத் தண்ணீர் கேன் வந்தது. 9.05-க்கு மின்சாரம் போனது. 9.10-க்கு ஜெனரேட்டர் கிளம்பியது. 9.15-க்குச் சாத்தூர் பஸ்ஸில் வந்திறங்கிய எங்கள் புரோகிராமர் செல்வி, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள். 9.30-க்கு வாசலில் வேன் வந்து நின்றது. முன் சீட்டில் முதலாளி லேபிள் அண்ணாச்சி, அவர் மடியில் ஒரு செல்போன் பெட்டி. பெட்டிக்கு வெயில் படாமல் துண்டு போர்த்தியிருந்தார். அவர் தலைமேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நாமெல்லாம் பொருளின்மேல் லேபிள் ஒட்டுகிறோம். லேபிள் அண்ணாச்சி ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. லேபிள்தான் முதலில் பிறக்கிறது, அதற்குக் கீழே வைப்பதற்காக ஏதாவது ஒரு பொருளைப் பிறகு செய்துகொள்ளலாம் என்பது அவருடைய கொள்கை. இப்படி ஒரு மனிதர் இந்தப் பூமியில் இதற்கு முன் இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை.

இருபத்திரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்தவர். கிளி, குழந்தை, யானை, ராணி என்று அவர் கை படாத பிறவி இல்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்குமுன் கண்ணுக்கு அருகில் வைத்து ஐந்து நிமிடம் பார்ப்பார். ஒருமுறை கடும் காய்ச்சலில் படுத்திருந்தவர், டாக்டர் கொடுத்த மருந்தைக் குடிக்க மறுத்துவிட்டார். நான் போய்க் கேட்டபோது பாட்டிலை நீட்டினார். “பாருங்க மேனேஜரே. நீலம் ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கு. லேபிளையே ஒளுங்கா அடிக்காதவன் மருந்தை எம்புட்டு லட்சணமா காய்ச்சியிருப்பான்?” வேறு கம்பெனி மருந்து வாங்கி வந்தபிறகுதான் காய்ச்சல் இறங்கியது.

2004-இல் அதே அச்சகத்தின் மாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். கீழே பார்சல் பிரிவில் இருந்த என்னை மேனேஜராக மாடிக்கு ஏற்றினார். கணினியை எங்கே தட்டினால் உயிர் வரும் என்று அவருக்குத் தெரியாது. பட்டாசு ஆர்டர் எடுக்கும் சாஃப்ட்வேர் என்று முடிவான அன்றே, செல்வி ஒரு வரிகூட எழுதுவதற்குமுன், மயில்மேல் உட்கார்ந்த ஒரு ராணியை வரைந்து ‘ஆர்டர் ராணி’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

சாஃப்ட்வேர் முடிந்து வந்தபோது அது ஒரு சிடியில் இருந்தது. அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஓட்டை வேறு. இவ்வளவு சின்னப் பொருளை எப்படி மனுசனிடம் கொடுப்பது என்று, தீபாவளிப் பரிசுப்பெட்டி அளவில் ஒரு பெட்டி அடித்து, உள்ளே காகிதத் துருவல் திணித்து, நடுவில் சிடியை வைத்தார். முதல் வாடிக்கையாளர் அதைப் பட்டாசுப் பெட்டி என்று நினைத்துப் பூஜை அறையில் வைத்துவிட்டார். தீபாவளி அன்று காலையில்தான் எங்களுக்குப் போன் வந்தது, இதை எந்தப் பக்கம் பற்றவைப்பது என்று.

பிறகு ஆர்டர் ராணி செல்போனுக்கு வந்தது. வெளிமாநிலத்தில் இருக்கும் ஏஜென்ட் தன் போனில் ஆர்டரைத் தட்டினால் இங்கே தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்துவிடும். ஆனால் ஏஜென்ட்டுகளிடம் ஆளுக்கொரு ரகம் போன். ஒன்றில் கம்பி மத்தாப்பு என்று தெரியும், எத்தனை என்று தெரியாது. இன்னொன்றில் எத்தனை என்று தெரியும், எது என்று தெரியாது. ஒவ்வொரு போனாகச் சரிசெய்வதே செல்விக்குப் பிழைப்பாகிப் போனது. உதவிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டாள்.

அண்ணாச்சி ஒரு வாரம் யோசித்தார். பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்து, கம்பெனியின் பெயரிலேயே ஸ்மார்ட்போன் போடப் போவதாகச் சொன்னார். சென்னையில் ஒருவர், நாம் சொல்லும் பெயரில் போனை இறக்குமதி செய்து தருகிறாராம். போன் ஒரே ரகமாகிவிட்டால் கோளாறு ஏது?

“ஊரான் வீட்டுச் சுவத்துல எம்புட்டு நாளைக்கு விளம்பரம் எளுதுறது தாயி? நாமளே சுவரு கட்டுவோம்” என்றார்.

செல்வி, “நமக்கு எளுதத்தான தெரியும் அண்ணாச்சி. சுவரு கட்டத் தெரியுமா? விரிசல் விட்டா யாரு பூசுறது?” என்றாள்.

“அதுக்குத்தான் மெட்ராஸ்காரர் இருக்காக.”

“அப்ப அது அவுக சுவருதான.”

அண்ணாச்சி எழுந்து படியிறங்கிப் போனார். மறுநாள் காலை கீழே அச்சகத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ராணி போன் பெட்டி, ஐயாயிரம். போன் எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. பெட்டி தயார். மயில்மேல் உட்கார்ந்திருந்த ராணியின் காதில் இப்போது ஒரு போன் இருந்தது. பின்பக்க எழுத்தைப் பழைய பட்டாசுப் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். ‘பற்றவைத்ததும் விலகி நிற்கவும். குழந்தைகள் பெரியோர் மேற்பார்வையில் பயன்படுத்தவும்’ என்றிருந்தது. சுட்டிக்காட்டினேன். “ரெண்டாவது வரி சரிதான” என்றார்.

ராணி ஸ்டிக்கர்களைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். ஜூலை முதல் வாரத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி போன்கள் மூன்று வந்தன. பெட்டிக்குள் வைத்தால் ஆடின. துருவல் திணித்தார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர்தான் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். வடக்கே அவருக்கு நாற்பது ஏஜென்ட்டுகள். அவர் சரி என்றால் ஆயிரம் போனுக்கு உடனே ஆர்டர் போட்டுவிடுவதென்று அண்ணாச்சி முடிவு செய்திருந்தார். செல்வி கேட்ட இரண்டு பேருக்கான அறையைப் போன் அடுக்குவதற்காகக் காலி செய்தாயிற்று. செல்வி அண்ணாச்சியிடம் எதுவும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள். “போனுக்கு ஆர்டர் போட்ட அன்னைக்கே நான் நின்னுக்கிடுதேன் சார். பெங்களூருல கூப்பிடுறாக.” அவள் போனால் ஆர்டர் ராணியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் எவரும் இல்லை. நான் நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் கீழே இறங்கிப் பார்சல் கட்ட வேண்டியதுதான்.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, நாங்கள் மூவரும் அந்தத் தொழிற்சாலைக்குப் போன வேனில், அண்ணாச்சி மனத்தை மாற்ற முடியுமா என்று நான்தான் பேச்சை எடுத்தேன். நல்ல சாஃப்ட்வேர் கையில் இருக்கும்போது நமக்கு எதற்கு அண்ணாச்சி போன் என்றேன். அவர் மடியில் இருந்த பெட்டியின்மேல் துண்டைச் சரிசெய்தார்.

“தீபாவளிக்கு மறுநா காலைல தெருவுல நடந்து பாத்திருக்கீகளா மேனேஜரே? கிளிஞ்சு கெடக்கும்ல காகிதம், அம்புட்டும் என் வேலைதான். இருபத்திரண்டு வருசம் வரைஞ்சதை இருபத்திரண்டு தடவை கூட்டி அள்ளிட்டாக. கொளுத்தாத சாமான்ல ஒரு லேபிள் போட்டுப் பாக்கணும்னு ஆசை. சாஃப்ட்வேருல எங்கன ஒட்டுறது? போனுன்னா சட்டைப் பையில வச்சிருப்பான். நாலு வருசம் இருக்கும்ல.”

பின் சீட்டில் இருந்த செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் பேச்சை நிறுத்திவிட்டேன்.

10.40-க்குத் தொழிற்சாலை வாசல். வாட்ச்மேன் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து நீட்டினார். தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பட்டாசுத் தொழிற்சாலைக்குள் செல்போன் கூடாது. எங்கள் வட்டாரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பட்டாசுக்காரருக்குப் போன் விற்கப் புறப்பட்ட எங்கள் மூவருக்கும் அந்த நிமிடம் வரை நினைவுக்கு வரவில்லை.

“இது செல்போனு இல்லப்பா, சாம்பிளு” என்றார் அண்ணாச்சி.

“சாம்பிளா? அப்ப கொளுத்திக் காட்டுவீகளே, அஞ்சு எட்டு தள்ளியே நில்லுங்க” என்றார் வாட்ச்மேன்.

மூன்று போன்களும் தகரப் பெட்டிக்குள் போயின. அண்ணாச்சி அசரவில்லை. வெறும் பெட்டியோடு உள்ளே நுழைந்து, இருபத்தைந்து நிமிடம் விளக்கினார். மயில் தோகையில் எத்தனை பச்சை, தங்க நிறம் மங்காமல் இருக்க என்ன செய்தார், மூடியைத் திறக்கும்போது ராணி எப்படிக் கண் திறப்பாள். தொழிற்சாலைக்காரர் பெட்டியைக் கையில் வாங்கி நாலு பக்கமும் பார்த்து, நல்ல வேலை என்று மனதாரச் சொன்னார். போன் என்ன செய்யும் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. செல்வி மூன்று தடவை வாயைத் திறந்து மூடினாள். கடைசியில் தொழிற்சாலைக்காரரே, போனையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று எழுந்து எங்களோடு வாசலுக்கு வந்தார்.

தகரப் பெட்டி அதுவரை வெயிலில் இருந்தது. வாட்ச்மேன் துண்டை வைத்துத்தான் மூடியைத் திறந்தார். அண்ணாச்சி ஒரு போனை எடுத்து, கை சுட்டதால் அந்தக் கைக்கும் இந்தக் கைக்குமாக மாற்றி, அவரிடம் நீட்டினார். நீட்டும்போதே ராணி நகர்ந்தாள். பசை இளகி, மயிலோடு மெல்ல வழுக்கி, அண்ணாச்சியின் கட்டைவிரலில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

அடியில் ஓர் ஒட்டகம் இருந்தது.

அண்ணாச்சி போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். ஒட்டகத்தின் மூலையில் நகத்தை வைத்து, கிழியாமல், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தோடு உரித்தார். அதற்கும் அடியில் இன்னொரு லேபிள். எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ பெயர். அதன் மூலையிலும் நகத்தை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டார்.

“அண்ணாச்சி, ஒரே சரக்குக்கு ஆளுக்கொரு லேபிளு, இதுவும் நம்ம ஊரு பட்டாசு மாதிரித்தான் இருக்கு” என்றார் தொழிற்சாலைக்காரர். கேலிதான், ஆனால் வலிக்கச் சொல்லவில்லை. “போனு எங்க ஏஜென்ட்டு ஒவ்வொருத்தனும் ரெண்டு வச்சிருக்கான். மூணாவதை எங்கன வைப்பான்? அவன்கிட்ட இருக்கிற போனுல உங்க ராணியை நல்லா ஓட விடுங்க, போதும். இந்தப் பெட்டி மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு, அம்புட்டையும் குடுங்க.” அப்படியே வாங்கியும் கொண்டார். அந்த வருடம் தீபாவளிக்குப் பல ஊர்ப் பிள்ளைகள் பாம்பு மாத்திரை கொளுத்தியது ராணி போன் பெட்டியிலிருந்து எடுத்துத்தான்.

திரும்பி வேனில் ஏறினோம். ஜெயித்தது செல்வி. அவள் முகத்தைப் பார்த்தால் தோற்றவள் மாதிரி இருந்தது. பாதி வழியில் அவளாகவே, “பசை மட்டும் நல்லாயிருந்தா அவுக வாங்கியிருப்பாக அண்ணாச்சி” என்றாள். அது பொய் என்று மூவருக்கும் தெரியும்.

“நம்ம ஊருப் பசை இல்ல தாயி அது” என்றார் அவர். பிறகு, “நீ கேட்ட ரெண்டு பேரை எடுத்துக்க. அறை காலியாத்தான் கெடக்கு” என்றார். அலுவலகத்துக்கு வந்ததும் போன் வேண்டாம் என்று சென்னைக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். மாலை 5.40-க்குக் கையெழுத்துப் போட்டார். கட்டைவிரலில் பசை இன்னும் இருந்ததால் பேனா ஒட்டிக்கொண்டது. 5.45-க்குப் படியிறங்கிப் போனார். கீழே அச்சகத்தில் எட்டிப் பார்க்காமல் அவர் வீட்டுக்குப் போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்தைத் திறந்ததும், மேசையைத் துடைப்பதற்குமுன், செல்விக்காகப் படியிலேயே நின்றேன். அவள் வந்தவுடன், போனில் ஆர்டர் ராணியைத் திறக்கும்போது அண்ணாச்சி வரைந்த படம் திரை முழுக்க வந்து நிற்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டேன். எவன் போனாக இருந்தாலும், எத்தனை தடவை திறந்தாலும்.

“முடியும் சார். ஆனா அவசரமா ஆர்டர் போடுறவனுக்கு அது இடைஞ்சல். ஒரு நொடி தாரேன்” என்றாள்.

யாருடைய நேரத்தையும் ஒரு நிமிடம்கூட வீணாக்காதவன் என்று பெயர் எடுத்தவன் நான். அந்தப் படியில் நின்று அவளோடு வாதாடி, நாலு நொடி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன்.