இரண்டாம் அழுத்தல் பிரிவு

மனித நாகரிகத்தின் உச்சி எது என்று கேட்டால், ஒரே வேலையை இரண்டு தடவை செய்வதுதான் என்று அந்த மென்பொருள் அலுவலகத்தின் மூன்றாம் மாடி தயங்காமல் சொல்லும்.

கடிதம் தயாரிப்பது அங்கே தொழில். பொத்தானை அழுத்தினால் கணினி பட்டியலைப் பார்த்துப் பெயர்க் கோப்பை உண்டாக்கும். அதிலிருந்து பெயரை எடுத்துக் கடிதம் செய்யும். எது முந்தி, எது பிந்தி என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. அதனால் கடிதத்தை முந்திச் செய்துவிடும். பழைய கோப்பில் கிடக்கும், போன கடிதத்துக்குரிய ஆளின் பெயர் வந்து உட்காரும். மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். இந்த மகத்தான பணிக்கென்றே 'இரண்டாம் அழுத்தல் பிரிவு' இருந்தது. ஒன்பது பேர், தனி அறை, தனிக் காபி இயந்திரம். தலைவர், மேலாளரின் மச்சான்.

புதிதாக வந்த பெண்ணுக்கு வேலை நிரந்தரமாக நான்கு நாள் பாக்கி. ஏற்கெனவே இரண்டு இடங்களில் கடைசி வாரத்தில்தான் வெளியே அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் முறையும் அக்காவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. 'பெயர்க் கோப்பு தயாரான பிறகே கடிதம்' என்று கணினிக்கு ஒரு வரி எழுதிவைத்தாள். அன்று காலை மேலாளருக்கான பாராட்டுக் கடிதம் முதல் அழுத்தலிலேயே அச்சுப் பிசகாமல் வந்தது.

மாடியே வெலவெலத்துப் போனது. அவசரக் கூட்டம் கூடியது.

"முதல் தடவையே சரியா வருதுன்னா எங்கேயோ பெரிய தப்பு நடந்திருக்கு," என்றார் மச்சான்.

ஒன்பது குடும்பங்களின் வயிற்றில் அடித்த அந்த வரி ஒருமனதாக நீக்கப்பட்டது. அவளையும் நீக்குவதென முடிவாயிற்று. 'அலுவலக உழைப்பை வீணடித்ததால்' என்று காரணம் எழுதினார்கள். பிரிவு முழுக்க வெற்றிக் காபி குடித்துக்கொண்டிருந்ததால், மேலாளர் தாமே பணிநீக்கக் கடிதத்துக்கு ஒரு தடவை அழுத்தி, கோபத்தில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு வாசல் காவலரிடம் நீட்டினார்.

காவலர் நிதானமாகப் படித்தார்.

"சார், அடையாள அட்டையக் குடுத்துட்டுக் கிளம்புங்க. உங்க பேருதான் போட்டிருக்கு."

"அது கோளாறுப்பா. பெயர்க் கோப்பு வர்றதுக்கு முன்னாடியே கடிதம் வந்துடுது. ஒரே ஒரு வரி எழுதினா சரியாப் போயிடும்."

பையைத் தோளில் மாட்டியிருந்த அவள் மெதுவாகக் கேட்டாள்: "இது உங்களுக்கு எப்பலேர்ந்து சார் தெரியும்?"

மேலாளர் வாயைத் திறக்குமுன் மச்சான் முந்திக்கொண்டார்.

"எங்க பிரிவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியிலேர்ந்தே தெரியும்மா."

அந்த மாடியில் ஒரே தடவை கேட்டதற்குச் சரியான பதில் வந்தது அன்றுதான். அவள் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். காவலர், மேலாளரின் அட்டைக்காக நீட்டிய கையை மடக்கவில்லை.