எட்டாவது என்வலப்

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் நான் அறிவித்தேன். இனிமேல் இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு ரூபாவும் வாசலைத் தாண்டாது.

என் மனைவி றாஹிலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கறியில் உப்புக் கூடிவிட்டதா என்று கேட்டாள். உப்பு சரியாகத்தான் இருக்கிறது, இது கொள்கை என்றேன்.

"கொள்கையா? சோத்தத் தின்னிட்டுச் சொல்லுங்க. ஆறிப்போயிரும்."

தின்றுவிட்டுச் சொன்னேன். பெரிய தீர்மானங்களை வெறும் வயிற்றில் அறிவிக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயமும்தான்.

நான் கட்டாரில் எட்டு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். இப்போது கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. கட்டாரிலிருந்து வருகிற எல்லாரும் சவர்க்காரம், சென்ட், கம்பளி கொண்டு வருவார்கள். நான் அவற்றோடு ஒரு கொப்பியும் கொண்டு வந்தேன். அது றொடெல் தந்தது.

றொடெல் பிலிப்பைன்ஸ்காரன். அடுக்குக் கட்டிலில் அவன் மேல்தட்டு, நான் கீழ்த்தட்டு. முதல் ஐந்து வருஷம் அவனும் நம்மைப் போலத்தான் இருந்தான். சம்பளம் வந்ததும் ஓர் ஆள் படுக்கக்கூடிய பெட்டி ஒன்று வாங்குவான். டின் மீன், சொக்லட், மச்சானுக்குச் சப்பாத்து என்று நிரப்பி ஊருக்கு அனுப்புவான். மாமன் மகன் கேட்டால் கடன் கொடுப்பான். மாமன் மகனின் கூட்டாளி கேட்டாலும் கொடுப்பான். இருபதாம் தேதி பிறந்தால் அவனுக்கு டின் மீனும் வெறும் சோறும்தான். அந்த நாட்களுக்கு அவர்கள் பாஷையில் பெயரே இருக்கிறதாம், ஆபத்துத் தேதி. பெயர் வைக்காமலே எங்கள் அறையில் நாலு நாட்டுக்காரரும் ஆபத்தில்தான் இருந்தோம்.

ஒருநாள் அவனுடைய தாய்க்கு ஒபரேஷன் என்று கோல் வந்தது. றொடெலின் கையில் நாற்பது றியால் இருந்தது. அன்றைக்கு அவன் மேல்தட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதான். எங்கள் எல்லாருடைய ஆபத்தையும் சேர்த்துத்தான் அவனுக்குக் காசு திரட்டிக் கொடுத்தோம். அடுத்த சம்பளத்தில் அவன் பெட்டி வாங்கவில்லை. ஏழு என்வலப் வாங்கினான். சம்பளம் வந்ததும் முதலில் சேமிப்பு, மிச்சத்தில் சீவியம், ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனி என்வலப். மூன்று வருஷத்தில் ஊரில் காணி வாங்கிவிட்டான். நான் ஊருக்கு வரும்போது அவனுடைய பாடங்களை எல்லாம் அந்தக் கொப்பியில் பக்கம் பக்கமாக இங்கிலீசில் எழுதி, எயார்போட்டில் என் கையில் தந்தான்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சேமிப்பில் எனக்குப் பெரிய பிரியம் எதுவும் கிடையாது. எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டியிருந்தது. மருதமுனையில் என் கூட்டாளி முபீனின் கராஜில் நிற்கிறது. சிவப்பு. சாவியைத் திருகினாலே நெஞ்சுக்குள் ஒரு குலுக்கம். விலை நாலரை லட்சம். வேலைக்கு நான் போய் வருவது றாஹிலாவின் ஸ்கூட்டியில். அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், நடந்தே போய்விடுவாள். ஸ்கூட்டி ரோஸ் நிறம். கடையில் எல்லாரும் என்னை "டீச்சர் வந்திட்டா" என்றுதான் வரவேற்கிறார்கள். ஆறு மாதமாக இந்தச் சலாம் நடக்கிறது. மனிசன் எவ்வளவுதான் தாங்குவான்?

கேட்டால் றாஹிலா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். ஸ்கூட்டி இருக்கிறதே என்பாள். ஆகையால் கேட்கவில்லை. கையில் ஒரு லட்சம் இருந்தது. மாதம் இருபத்தையாயிரம் ஒதுக்கினால் பதினாலு மாதத்தில் பைக் என்னுடையது. முபீனும் பொறுப்பதாகச் சொல்லிவிட்டான். ஒதுக்குவதற்கு ஒரு மறைப்பு வேண்டும். அதற்குத்தான் கொள்கை.

மேசையில் ஏழு என்வலப்பையும் பரப்பினேன். அரிசி, மீன், கரண்டும் தண்ணியும், மகள் றிப்னாவின் படிப்பு, ஸதகா என்கிற தர்மம், கைச்செலவு. ஏழாவது அவசரம். அதுதான் எல்லாவற்றிலும் கொழுத்தது.

"அவசரம் எண்டா என்ன?" என்றாள் றாஹிலா.

"அவசரம் வந்தாத்தான் தெரியும்."

அவளுடைய சம்பளத்தையும் சேர்த்துப் போடலாமா என்று மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். பெண்சாதியின் சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம் என்று மார்க்கம் சொல்லியிருப்பதை மதறசாவில் ஓதவில்லையா என்று அவள் கேட்டாள். ஓதியிருந்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்து கொப்பியைத் திறந்து ஏழாம் பக்கத்தை வாசித்து, தமிழில் விளக்கினேன். றொடெல் லீவில் ஊருக்குப் போனால் பெண்சாதியின் தகப்பன் வீட்டில்தான் தங்குவான். அங்கேயும் தங்குகிற நாட்களுக்கு ஒரு என்வலப்பில் வாடகை வைப்பான். சும்மா கிடைப்பது என்று உலகத்தில் ஒன்றும் இல்லை, சும்மா என்று நினைத்தவன்தான் கடைசியில் கடன்காரன் ஆகிறான் என்பது அவன் சட்டம்.

"மாமனார்ர ஊட்டுலயும் வாடகை குடுத்தாரா?"

"ஓம். அவன்தான் ஆம்புள."

இதை நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

"நல்ல பழக்கம்," என்று சொல்லிவிட்டு றாஹிலா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

முதல் மாதம் நான் ராஜா. என்வலப்புகள் பூட்டிய அலுமாரியில், திறப்பு என் சாரன் மடிப்பில். மீன்காரன் கூப்பிட்டால் றாஹிலா என்னிடம் வருவாள். நான் எண்ணிக் கொடுப்பேன். இருபத்தாறாம் தேதி மீன் என்வலப் காலியானது. மிச்ச நாலு நாளும் பருப்புத்தான். அவள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. என்னோடு கூடப்பிறந்த மூத்த காக்கா கடன் கேட்டு வந்தபோதும் காலி என்வலப்பைத்தான் தூக்கிக் காட்டினேன். இவ்வளவு சுகமாக நான் அதுவரை யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. நான் கடைக்குப் போகும் நேரங்களில் றாஹிலா றொடெலின் கொப்பியை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இங்கிலீஸ் என்னுடையதை விடத் திறம். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாம் மாதச் சம்பளத்தோடு வந்து அலுமாரியைத் திறந்தேன். எட்டு என்வலப் இருந்தது. எட்டாவதில் கரும்பலகையில் எழுதுகிற அந்த அழகான கையெழுத்து.

"இது என்ன?"

"வாடகை."

"யார்ர வாடகை?"

"உங்கட."

"எந்த ஊட்டுக்கு?"

"நீங்க இரிக்கிற ஊட்டுக்கு."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா மகளுக்கு வீடு கட்டி எழுதிக் கொடுப்பார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவான். நானும் அப்படித்தான், ஒரு பெட்டியோடும் ஒரு சுவர்க் கடிகாரத்தோடும் வந்தவன். வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருப்பது றாஹிலாவின் பெயர். பன்னிரண்டு வருஷத்தில் இதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்க்காத இடத்தில்தான் என்வலப்பை வைத்திருந்தாள்.

பக்கத்தில் மேல்மாடி ஒன்று இருபத்தையாயிரத்துக்குப் போகிறதாம். நான் பழைய ஆள் என்பதால் இருபதாயிரம் போதுமாம்.

நான் விடவில்லை. மேல்மாடி நான் கட்டார்க் காசில் கட்டியது, கீழே போட்ட மாபிளும் என்னுடையது, அதைக் கழிக்க வேண்டும் என்றேன். அவள் போனை எடுத்து எதையோ தேடினாள். பிறகு மேசையில் வைத்தாள். போனுக்குள்ளிருந்து என் குரல் வந்தது. கட்டாரிலிருந்து மூன்று வருஷத்துக்கு முதல் நான் அனுப்பிய வொய்ஸ். "றாஹிலா, இந்த மேல்மாடி என்ட ஹதியா. உனக்குத்தான். அல்லாஹ்வுக்காகத் தாறன்." அந்தக் காலத்தில் எனக்கு நல்ல குரல்.

"குடுத்த ஹதியாவத் திருப்பிக் கேக்கிறீங்களா, றிப்னாட வாப்பா?"

கேட்பேனா? அன்பளிப்பாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் நாளைக்குப் பள்ளிவாசலில் எந்த முகத்தோடு நிற்பேன்?

ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறது. உம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். தாராளமாகப் போகலாம் என்றாள். அப்போதுதான் யோசித்தேன். உம்மா வீடு இப்போது தங்கச்சி நஜ்லாவின் சீதனம். இருந்தாலும் அவளுக்குக் கோல் எடுத்தேன்.

"வாங்க காக்கா," என்றாள் நஜ்லா. "முன் அறை சும்மாதான் கிடக்கு. மதினி எல்லாம் சொன்னாங்க. ஒரு என்வலப் கொண்டு வாங்க."

போனை வைத்தேன். இந்த ஊரில் எனக்கென்று பாத்தியதை உள்ள இடம் பள்ளிவாசலில் தொழுகிற இடம் மட்டும்தான் என்று விளங்கியது. இருபதாயிரத்தை எண்ணி எட்டாவது என்வலப்பில் வைத்தேன். அந்த மாதத்து அவசரம் ஒரே நாளில் மெலிந்து ஐயாயிரத்துக்கு வந்தது.

கராஜுக்குப் போய் முபீனிடம் புதுக் கணக்கைச் சொன்னேன். பதினாலு மாதம் இப்போது அறுபத்தாறு மாதம். முபீன் பைக்கைத் தடவிப் பார்த்தான்.

"மச்சான், அதுக்குள்ள இது மையத்தாயிரும். அடக்கம் பண்ணத்தான் வேணும்."

மூன்றாம் மாதமும் வாடகை வைத்தேன். அந்தக் காசு எங்கே போகிறது என்று றாஹிலாவிடம் கேட்டேன். மற்றவனுடைய என்வலப்புக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறதாம். றொடெல் எவ்வளவு ஒழுங்கான மனிதன் என்று அன்றைக்கு எனக்கு முதல்முறையாக எரிச்சல் வந்தது.

அடுத்த வாரம் கடையில் நிற்கும்போது முபீன் கோல் எடுத்தான். பைக் வித்துப் போச்சாம். மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு.

"எனக்கு நாலரை எண்டுதானே சொன்னாய்?"

"நீ ஒருநாளும் விலை குறைக்கக் கேக்கல்லயே மச்சான். தவணைதானே கேட்டாய்."

யார் வாங்கியது என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்று உத்தரவாம். போனை வைத்துவிட்டான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கியது. நாற்பது வயசில் ஒரு மனிசன் தனக்கென்று ஒன்றே ஒன்று கேட்டான், அதுவும் போய்விட்டது. ரோஸ் ஸ்கூட்டியில் ஏறி, கடற்கரை வீதியால் மெதுவாக வந்தேன். எனக்குப் பின்னால் வந்த சைக்கிள்கள் எல்லாம் என்னைக் கடந்து போயின.

வாசலைத் திறந்தால், முற்றத்தில் பைக்.

சிவப்பு. கழுவித் துடைத்து நின்றது. பக்கத்தில் றிப்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். றாஹிலா படியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"பதினாலாம் பக்கம் வாசிச்சீங்களா?" என்றாள்.

நான் பதினோராம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். பதினாலில் றொடெல் அவர்கள் ஊர்ச் சீட்டைப் பற்றி எழுதியிருக்கிறானாம். வீடு வாசல் தெரிந்த ஆட்களோடு மட்டும் போட வேண்டும், முன்பின் தெரியாதவன் இரட்டிப்பாகத் தருகிறேன் என்றால் ஓடிவிட வேண்டும் என்று. றாஹிலா பள்ளிக்கூட டீச்சர்மாரையும் பக்கத்து வீடுகளையும் சேர்த்து இருபது பேரோடு இருபதாயிரம் சீட்டு ஒன்று தொடங்கியிருக்கிறாள். சீட்டை நடத்துகிறவளுக்கு முதல் கை. நாலு லட்சம். அதற்கு அவள் மாதாமாதம் கட்டுவது என் வாடகையை.

"பைக் கதை உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பைக்கிட போட்டோவ அவசரம் எண்ட என்வலப்புக்குள்ள வெச்சிட்டு இதென்ன கேள்வி?"

"அலுமாரித் திறப்பு என்னட்டத்தானே."

"அலுமாரியும் என்ட சீதனம்தான். மத்தத் திறப்பு என்னட்ட."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. நாலு நாள் பருப்பு ஆக்கிக்கொண்டே இவள் எனக்குப் பைக் எடுத்திருக்கிறாள். நான் மறைத்தேன், இவள் அதையே வாங்கி முற்றத்தில் நிறுத்தியிருக்கிறாள். சீற்றைத் தொட்டுக்கொண்டு ஆயுசுக்குமான ஒரு வாக்கை மனசாரச் சொன்னேன்.

"றாஹிலா, என்ட ஹயாத்துள்ள வரைக்கும் நீ எங்க சொன்னாலும் உன்ன இதில ஏத்திட்டுப் போறன்."

"சரியாக் கேக்கல்ல. இன்னொருக்காச் சொல்லுங்க."

பெண்களுக்கு இப்படியான வார்த்தைகளை இரண்டு தடவை கேட்க ஆசை. எனக்கும் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. இன்னும் உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு மைமூனா ராத்தாவின் தலை மதிலுக்கு மேலே தெரிந்தது.

பிறகு மெதுவாக விசாரித்தேன். பைக் யார் பெயரில்? அவளுடைய பெயரில். வாடகை? இதற்கு வாடகை வேண்டாமாம். வீட்டு வாடகை மட்டும் இன்னும் பதினெட்டு மாதம், சீட்டு முடியும் வரைக்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று திறப்பை வாங்கிக்கொண்டேன்.

"ஸ்கூட்டிய எங்க வைக்கிற?"

"அத நஜ்லாவுக்கு வாடகைக்கு விட்டிட்டன். அடுத்த மாசத்தில இரிந்து எனக்கு நிந்தவூருக்கு மாற்றம். காலம்பற ஏழு மணிக்கு வெளிக்கிடணும். ஒண்டரைக்கு வந்து ஏத்தணும். சனிக்கிழமை சந்தை. ஞாயிற்றுக்கிழமை அக்கரைப்பற்று, எங்கட ராத்தா ஊடு."

நான் சிரித்தேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவள் என் கையில் மாட்டியிருந்தாள். கொப்பியை எடுத்து வந்து ஏழாம் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"சும்மா எண்டு ஒண்டும் இல்ல, டீச்சர். ட்ரைவருக்குச் சம்பளம் எவ்வளவு? ஒன்பதாவது என்வலப் எங்க?"

றாஹிலா கொப்பியைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த போனை எடுத்து ஒருமுறை தட்டினாள். முற்றம் முழுக்க என் குரல் கேட்டது. ஹயாத்துள்ள வரைக்கும், நீ எங்க சொன்னாலும்.

இரண்டாம் தடவை இன்னும் உரக்க.