பருப்பில் கிடைத்த கல்

துவரம்பருப்பு வேகிற மணம் எழுந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்குச் சங்கிலிச் சத்தம் கேட்கும். உலகத்தில் ஒருவரையும் நம்பாமல் ஊர் முழுக்கச் சிநேகிதம் வைத்திருந்த ஒரே மனிதர், தாராவி மளிகைக்கடைச் சங்கிலி அண்ணாச்சிதான்.

மூக்குக்கண்ணாடிக்குச் சங்கிலி. குடைக்குச் சங்கிலி. பேனாவுக்கு, தூக்குவாளிக்கு, ரயிலில் கழற்றிப் போடும் செருப்புக்கும் சங்கிலி. நடந்து வந்தால் கோயில் யானை வருவதுபோல் இருக்கும்.

சங்கிலி மாட்ட முடியாத ஒரே சொத்து, பாதி ஆயுசு தேடி அவர் கண்டெடுத்த பழைய தங்கக் காசு. துவரம்பருப்பு அளவு, துவரம்பருப்பு நிறம்.

கர்ஜத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர்க் கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. எனக்கும் காசுப் பித்து உண்டு, கூடப் போனேன். முந்தைய கண்காட்சியில் யாரோ ஒருவரின் ஆல்பமே களவு போயிருந்ததால் வாசலில் வாட்ச்மேன் போட்டிருந்தார்கள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீரா வே, கள்ளனுக்குக் கதவத் தொறந்து வச்சிட்டு இவன் ஒறங்குதான்!"

"நம்ம காசு எங்க அண்ணாச்சி?"

காதருகே குனிந்தார். "பருப்புப் பொட்டலத்துக்குள்ள. எந்தக் கள்ளன் வே பருப்பத் திருடுவான்?"

"அப்ப ஜனங்களுக்கு எதைக் காட்டுவீங்க?"

"காட்டணும்னு எவன் சொன்னான்? வெவரம் தெரிஞ்ச ஆளு வரட்டும், எடுப்போம்."

அங்கே மத்தியானச் சாப்பாடு பொது. சமையலுக்கு ஆளுக்கு ஒரு பொருள் கொடுப்பது வழக்கம். அண்ணாச்சி பங்கு எப்போதும் பருப்பு. ஒரு பொட்டலத்தைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார். இன்னொன்றை மேஜைக்காலோடு சங்கிலியால் பூட்டி, டீகூடக் குடிக்காமல் காவல் இருந்தார். பக்கத்து மேஜை குஜராத்திக்காரர் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தார்; அண்ணாச்சி பொட்டலத்தின் மேல் குப்புறப் படுத்துவிட்டார்.

கடைசியில் விவரம் தெரிந்த ஆள் வந்தார். அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார். மஞ்சள் வெயிலாய்ப் பரவியது பருப்பு. துழாவினார். பருப்பு. மறுபடியும் துழாவினார். வெறும் பருப்பு.

"வே..." சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். "பொட்டலம் மாறிட்டு."

உள்ளே உலை கொதிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. அத்தனை சங்கிலியும் குலுங்க ஓடினார், பின்னாலேயே நான். சமையல்கட்டு வாசலில் முறத்தோடு மறித்தார் சமையல்கார அம்மா. பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் கோபமாக எழுந்து வந்திருந்தார்.

"க்யா சேட், துகான் சலாதா ஹை, அவுர் தால் மே பத்தர்?"

கடைக்காரராம், பருப்பில் கல்லாம். அந்த அம்மாவின் விரல்நுனியில் மஞ்சளாய் மின்னியது கல்.

தன் பருப்பில் கல் என்று சொன்ன சொந்த மச்சானோடு பேச்சையே முறித்த மனிதர், கைகூப்பி நின்றார். "ஆமா தாயி, கல்லுதான்! சத்தியமாக் கல்லுதான்!"

அன்றைய சாம்பாரைப்போல் ஒரு சாம்பார் நான் அப்புறம் சாப்பிட்டதில்லை.

திரும்ப ரயில் ஏறினோம். குர்லாவில் நான் இறங்கும்போது, காகிதத்தில் மடித்த காசை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"ஒம்ம வீட்ல இருக்கட்டும் வே. நான் வச்சா எனக்கே ஆப்டாது."

"எங்கிட்டயா? சங்கிலி வேண்டாமா அண்ணாச்சி?"

வண்டி நகர்ந்துவிட்டது. கதவோரம் நின்று கத்தினார்: "ஒமக்கு எதுக்கு வே சங்கிலி? அடுக்களப் பக்கம் மட்டும் கொண்டு போயிராதேயும்!"